துவக்குக் கடைக்குப் போன பிள்ளை

போன மார்கழி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில எங்கட குடும்ப வட்ஸ்அப் குறூப்பில் மாமா ஒரு வீடியோ போட்டார். நாற்பது செக்கன் இருக்கும். மாமா இருப்பது டெக்சாஸில். முதலில் ஒரு பெரிய கடைக்குள் பாடம் பண்ணி நிறுத்தின கரடி தெரிந்தது. பிறகு ஆளுயர மீன்தொட்டி, தூண்டில்கள், கூடாரங்கள். ஏதோ மியூசியம் என்றுதான் நினைத்தேன். கமரா திரும்பினால் நீளமான கண்ணாடி மேசை, அதற்குப் பின்னால் சுவர் முழுக்கத் துவக்கு. மேசைக்கு முன்னால் மாமாவின் மகன். ஒன்பது வயது. ஒரு சின்ன ரைபிளைத் தோளில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறான். கடைக்காரர் சிரிக்கிறார். மாமா சிரிக்கிற சத்தமும் கேட்கிறது.

லண்டன் சித்தி கைதட்டுகிற ஸ்ரிக்கர் போட்டா. கனடாவில் இருக்கிற அண்ணா "ஹீரோ" என்று எழுதினார். அம்மம்மாவுக்கு நான்தான் ஃபோனைப் பிடித்துக் காட்டினேன். "அதைக் கீழ வைக்கச் சொல்லு பிள்ளை" என்றா, அவன் எங்கட விறாந்தையில் நிற்கிற மாதிரி. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எழும்பி அடுப்படிக்குப் போயிட்டா.

பிள்ளைகளைத் துவக்குக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போகலாமா? அன்றைக்கு என்னிடம் கேட்டிருந்தால் ஒரு சொல்லில் பதில் சொல்லியிருப்பேன். கூடாது. அந்தப் பதில் ஒரு கிழமைகூட நிலைச்சு நிற்கேல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் 2003இல் பிறந்தவள். 2009இல் எனக்கு ஆறு வயது. முள்ளிவாய்க்காலைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அதற்குப் பிறகு மெனிக்பாம் முகாமில் தண்ணீர் வரிசையில் நின்றது மட்டும் சொல்கிறேன். காவலுக்கு நின்ற ஆமிக்காரர் துவக்கைக் குறுக்காகத் தொங்கவிட்டிருந்தார். அதன் வாய் சரியாக என் கண் மட்டத்தில் இருந்தது. அவர் என்னை மிரட்டவில்லை. ஒருநாள் ரொஃபி கூடத் தந்தார். அவருடைய முகம் எனக்கு மறந்துபோச்சு. அந்தச் சின்ன வட்டம் மறக்கேல்லை.

ஊருக்குத் திரும்பின பிறகு, வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போன இடத்தில் என் தம்பி பிளாஸ்ரிக் துவக்கு கேட்டு அழுதான். அம்மா வாங்கிக் குடுக்கேல்லை. "வேற என்ன வேணுமெண்டாலும் கேள்" என்றா. கடைசியில் ஒரு சிவப்பு பஸ்ஸோடு வீட்டுக்கு வந்தான். எங்கட வீட்டில் விளையாட்டுத் துவக்குக்கே இடமில்லை.

மாமாவும் இதே வீட்டு ஆள்தான். 1996இல் பதினேழு வயதில் நாட்டை விட்டுப் போனவர். வளர்ந்த பெடியன் வீட்டில் இருந்தால் தாய் தகப்பனுக்கு நித்திரை இல்லாத காலம் அது. அம்மப்பா வயலில் ஒரு துண்டை ஈடு வைத்து அனுப்பினார். துவக்குத் தூக்கவும் கூடாது, துவக்கால் சாகவும் கூடாது. அந்தப் பயணத்தின் முழுக் காரணமும் அவ்வளவுதான். அப்படிப் போனவர் தன் பிள்ளையின் கையில் அதைக் குடுத்து வீடியோ எடுக்கிறாரே என்பதுதான் எனக்கு ஏலாமல் இருந்தது.

அன்று பின்னேரம் அவருக்குக் கோல் எடுத்தேன். "ஏன் மாமா அவனைக் கூட்டிக்கொண்டு போனீங்கள்?" என்று கேட்டேன்.

"அதில என்ன பிழை? நீங்கள் பாத்த துவக்கு வேற பிள்ளை. இங்க இது மண்வெட்டி மாதிரி ஒரு சாமான். பக்கத்து வீட்டுக்காரன் காட்டுப்பண்டி சுடுறவன். அவன்ர மகனும் இவனும் ஒரே வகுப்பு. இவன் அங்க விளையாடப் போறவன். அந்த வீட்டில எங்க என்ன கிடக்கெண்டு எனக்குத் தெரியாது. என்ர பிள்ளைக்கு அது என்னெண்டு தெரிஞ்சிருக்கோணும். மறைச்சு வைச்சாத்தான் தேடுவாங்கள்."

நான் பேசாமல் இருந்தேன். பிறகு அவர் சொன்னதுதான் என்னை வாயடைக்கச் செய்தது. "அப்பாவும் இடியன் வைச்சிருந்தவர்தானே. அதோடதானே நாங்கள் வளந்தனாங்கள்."

இது எனக்குப் புதுக் கதை. அம்மாவிடம் போய்க் கேட்டேன். ஓம், இருந்ததுதான். வயலுக்குப் பண்டி வரும், அதுக்குத்தான். "அது மேல வளையில கிடக்கும். மருந்து வேற ரின்னில, வேற இடத்தில. நாங்களும் அப்பாவோட காவல் கொட்டிலுக்குப் போவம். ஆனா அவர் மருந்து போட்டு இடிக்கேக்க கிட்டப் போனா அடி விழும். ஒருநாளும் எங்கட கையில தந்ததில்லை."

ஆகவே பிள்ளையின் கண்ணில் துவக்குப் பட்டாலே கெட்டுப்போகும் என்று நான் இனிச் சொல்ல முடியாது. அம்மாவும் மாமாவும் கெட்டுப்போகவில்லை. ஆனால் காவல் கொட்டில் வேறு, கடை வேறு. கொட்டிலில் அது அம்மப்பாவின் வேலைச் சாமான். பிள்ளைகளுக்கு அங்கே பார்க்க மட்டும்தான் இடம். கடை என்பது ஆசைப்படச் செய்கிற இடம். மீன்தொட்டியும் கரடியும் எதற்கு நிற்கின்றன? கடைக்குள் பிள்ளைகள் முதலில் பழகுவது "எனக்கும் ஒண்டு" என்று கேட்கத்தான். வற்றாப்பளையில் என் தம்பி கேட்டதும் அப்படித்தான்.

அமெரிக்கச் சட்டம் என்ன சொல்கிறது என்று தேடி வாசித்தேன். 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, அனுமதி பெற்ற வியாபாரி 18 வயதுக்குக் குறைந்தவருக்கு ரைபிள் விற்கக்கூடாது, 21 வயதுக்குக் குறைந்தவருக்குக் கைத்துப்பாக்கி விற்கக்கூடாது. ஆனால் பெற்றோருடன் ஒரு பிள்ளை கடைக்குள் வருவதைத் தடுக்கும் நாடு தழுவிய சட்டம் இல்லை. வாங்குபவர் 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். அவர்மேல் குற்றத் தீர்ப்பு இருக்கிறதா, போதைப்பொருள் பாவிக்கிறவரா என்றெல்லாம் அதில் கேள்விகள். பக்கத்தில் நிற்கும் பிள்ளையைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. கைத்துப்பாக்கி விற்கும்போது ஒரு பூட்டும் சேர்த்துக் குடுக்கவேண்டும் என்று 2005இல் சட்டம் வந்தது. வீட்டுக்குப் போய் அந்தப் பூட்டைப் போடவேண்டும் என்று அது கட்டாயப்படுத்தவில்லை.

மாமாவின் வாதத்தில் ஒரு பகுதி எனக்குச் சரியாகத்தான் பட்டது. காட்டிப் பழக்கினால் கவனம் வரும் என்பது. ஆனால் 2001இல் பீடியாட்ரிக்ஸ் என்ற மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு அதை அசைத்தது. 8 முதல் 12 வயது வரையான 64 ஆண்பிள்ளைகளைச் சிறு குழுக்களாக ஓர் அறைக்குள் விட்டார்கள். ஒரு லாச்சிக்குள் குண்டில்லாத உண்மையான கைத்துப்பாக்கி. இன்னொரு லாச்சிக்குள் தண்ணீர்த் துவக்குகள். 48 பேர் இருந்த குழுக்கள் உண்மையான துவக்கைக் கண்டுபிடித்தன. அவர்களில் 30 பேர் அதைக் கையில் எடுத்தார்கள். 16 பேர் விசையை இழுத்தார்கள். கண்டெடுத்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அது விளையாட்டுச் சாமான் என்று நினைத்தார்கள், அல்லது நிச்சயமில்லை என்றார்கள். அதைத் தொட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல், துவக்கு விஷயத்தில் எப்படிக் கவனமாக இருப்பது என்று ஏற்கெனவே சொல்லிக் குடுக்கப்பட்டவர்கள்.

சொல்லிக் குடுப்பது வீண் என்று நான் சொல்லவில்லை. சொல்லிக் குடுத்தால் போதும் என்று நம்பி லாச்சியைத் திறந்து விடுவதுதான் பிழை.

அங்கே பிள்ளைகளின் அளவுக்கென்றே, "என் முதல் ரைபிள்" என்று விளம்பரம் பண்ணிச் சின்ன ரைபிள்கள் விற்கப்பட்டிருக்கின்றன. 2013இல் கென்டக்கி மாநிலத்தில் ஒரு வீட்டில், பரிசாகக் கிடைத்த அப்படியொரு ரைபிளால் 5 வயதுச் சிறுவன் தன் 2 வயதுத் தங்கச்சியைச் சுட்டுவிட்டான். அந்தப் பிள்ளை இறந்துபோனாள். உள்ளே ஒரு குண்டு இருந்தது வீட்டாருக்குத் தெரியவில்லை. வீடியோவில் அவன் தோளில் இருந்ததும் சின்ன ரைபிள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இன்னொரு வழக்கு இந்தக் கேள்விக்கு இன்னும் கிட்ட வருகிறது. 2021 நவம்பர் 26, மிச்சிகன் மாநிலம். ஜேம்ஸ் க்ரம்ப்லி என்ற தகப்பன் ஒரு 9 மில்லிமீற்றர் கைத்துப்பாக்கி வாங்கினார். 15 வயது மகனும் கூடப் போயிருந்தான். அடுத்த நாள் தாய் ஜெனிஃபர் அவனைச் சுட்டுப் பழகுகிற இடத்துக்குக் கூட்டிப் போனார். அது அவனுடைய கிறிஸ்மஸ் பரிசு என்று சமூக வலைத்தளத்தில் எழுதினார். நவம்பர் 30 காலை, மகன் வரைந்த ஒரு படத்தைக் கண்டு பயந்த பாடசாலை, தாய் தகப்பனைக் கூப்பிட்டது. அவர்கள் வந்தார்கள், அவனை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள். அன்றைக்கே ஒக்ஸ்ஃபோர்ட் உயர்நிலைப் பாடசாலையில் 4 மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். 7 பேர் காயப்பட்டார்கள். மகனுக்கு ஆயுள் தண்டனை. 2024இல் தாய்க்கும் தகப்பனுக்கும் தலா 10 முதல் 15 வருடச் சிறை. பாடசாலையில் சுட்ட பிள்ளைக்காகக் கொலைக்குப் பொறுப்பாளிகளாக அமெரிக்காவில் தண்டிக்கப்பட்ட முதல் பெற்றோர் இவர்கள். துவக்கோடு வந்த கம்பிப் பூட்டு, பொதிகூடப் பிரிக்கப்படாமல் இருந்தது என்று வழக்கில் வந்தது.

மகனைக் கடைக்குக் கூட்டிப் போனதற்காக அவர்கள் சிறைக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு செய்ததற்கும் செய்யாமல் விட்டதற்கும்தான் போனார்கள். ஆனால் அந்தக் கடையில் ஒன்று நடந்திருக்கிறது. படிவத்தில் அது தகப்பனின் துவக்கு. வீட்டுக்கு வரும்போது அது மகனின் துவக்கு.

ஆக, நான் வந்து நிற்கிற இடம் இதுதான். பிள்ளை கடைக்குள் வரலாம். பார்க்க யாருமில்லாத பிள்ளையை டெக்சாஸ் வெயிலில் காருக்குள் பூட்டிவிட்டா ஒரு தாய் உள்ளே போவது? தகப்பன் படிவம் நிரப்புவதை, கேள்விக்கு உண்மை சொல்வதை, முதலில் பூட்டு எங்கே என்று கேட்பதை ஒரு பிள்ளை பார்த்தால் அதில் கெடுதல் இல்லை. ஆனால் வாங்க வந்தவன் பிள்ளையாக இருக்கக்கூடாது. எந்த நிறம் பிடிக்கும் என்று அவனிடம் கேட்கக்கூடாது. மேசைக்கு மேலால் நீட்டி அவன் கையில் வைக்கக்கூடாது. அப்படி வைக்கிற கடைக்காரர் பிள்ளையை வரவேற்கவில்லை, பத்து வருடத்துக்குப் பிறகு வரப்போகிற வாடிக்கையாளரை இப்பவே பிடித்து வைக்கிறார்.

இதை மாமாவிடம் இவ்வளவு நிதானமாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த கோலில் நேரே கேட்டேன்.

"வாங்கினீங்களா மாமா?"

"வாங்கினனான்."

"அவனுக்கோ?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "என்ர பேரிலதான்."

"பூட்டு?"

"அது பெட்டிக்குள்ள இருக்கு."

"துவக்கைப் பெட்டிக்குள்ள வைச்சுப் பூட்டியிருக்கோ, பூட்டுத்தான் பெட்டிக்குள்ள இருக்கோ?"

"நீ இப்ப எனக்குப் பாடம் எடுக்கிறியோ?" என்று கேட்டுவிட்டு மாமா வைத்துவிட்டார்.

அம்மாவுக்கு என்மேல் கோபம். "மாமாவோட அப்பிடிக் கதைக்கலாமோ? உன்ர கம்பஸ் காசும் அவர்தான் அனுப்புறவர்." அது உண்மை. இரண்டு கிழமை குறூப்பில் மாமா ஒன்றும் போடவில்லை. ஒவ்வொரு நாளும் ஃபோனை எடுத்து, மன்னிப்புக் கேட்டு எழுதி, அழித்தேன். கேட்ட விதம் பிழை. கேள்வி பிழையென்று இப்பவும் எனக்குப் படேல்லை.

தைப்பொங்கலுக்கு அவரே கோல் எடுத்தார். அம்மம்மாவோடு கதைத்தார், அம்மாவோடு கதைத்தார். என்னிடம் தராமல் மகனிடம் ஃபோனைக் குடுத்தார். அவனுக்குத் தமிழ் தத்தித் தத்தித்தான் வரும்.

"அக்கா, அப்பா அதைப் பூட்டிட்டார். கீ எங்க எண்டு சொல்லுறார் இல்லை. கேட்டா ஏசுறார்."

"சரியான ஆள்தான் உன்ர அப்பா" என்றேன்.

"நோ, இட்ஸ் நொட் ஃபெயர்" என்றான். அழுகிற குரல். சிவப்பு பஸ்ஸோடு வீட்டுக்கு வந்த என் தம்பியின் முகம் ஞாபகம் வந்தது.

அவன் என்ன சொல்கிறான் என்று அம்மா அடுப்படியில் இருந்து கேட்டா. சொன்னேன். பொங்கல் பானையைத் துடைத்துக்கொண்டே, "வளையில வைச்சிருப்பான்" என்றா.

டெக்சாஸ் வீட்டில் வளை இருக்காது என்று நான் சொல்லவில்லை.