சூடேறிய மருந்து

வலங்கைமான் பக்கத்து ஊர்களில் மாடுகளுக்குக் கோமாரித் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தவன் நான். ஒரு பங்குனியில், சூடேறிப்போன மருந்தைத் தெரிந்தே ஒரு தெருவின் மாடுகளுக்குப் போட்டேன். சரியாகப் போட்டதாகப் பதிவும் செய்தேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும் என்பது பயிற்சியின் முதல் பாடம். பாடைக்காவடித் திருவிழா நெருங்கிய சமயம். உறவுக்காரர் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டார்கள். ஐஸ் பெட்டியை வெயிலில் நின்ற வண்டியிலேயே விட்டுப் போனேன். சாப்பிட்டவன் கண்ணயர்ந்தும் விட்டேன். வந்து திறந்தால் ஐஸ் முழுக்கத் தண்ணீர், பாட்டில் வெதுவெதுவென்று இருந்தது. மருந்தைக் கழித்துவிட்டுக் காரணத்தை எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். எழுத வெட்கம். மாடுகளைப் பிடித்துக்கொண்டு ஜனங்கள் காத்திருந்தார்கள். பாட்டிலைக் குலுக்கிப் பார்த்தேன், எப்போதும் போலத்தான் தெரிந்தது. மாட்டுக்கு 2 மில்லி வீதம் போட்டு முடித்தேன்.

ஆனியில் அந்தத் தெருவுக்குக் கோமாரி வந்தது. வாயில் நுரை, குளம்பிடுக்கில் புண், பால் நின்றது. நான் ஊசி போட்டபோது சினையாக இருந்த ஒரு பசு ஈன்ற கன்று திடீரென்று விழுந்து செத்தது. இளங்கன்றுகளுக்கு இந்த வைரஸ் இதயத் தசையையே தாக்கும்.

"ஊசி போட்டும் இப்படி ஆயிடுச்சே தம்பி" என்றார் அந்த வீட்டு அக்கா.

"சில மாட்டுக்கு ஊசி பிடிக்காதுக்கா" என்றேன்.

அந்தப் பதில் உண்மையாக இருந்துவிடாதா என்று தேடித்தான் வைரஸைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். படித்தது எதுவும் என்னைக் காப்பாற்றவில்லை.

கோமாரி வைரஸின் உறைப் புரதங்கள் தனித்தனியாகப் பிறப்பதில்லை; ஒரே நீளச் சங்கிலியாக உருவாகின்றன. வெட்டும் நொதியும் அந்தச் சங்கிலிக்குள்ளேயே இருக்கிறது. 3சி என்னும் அந்த நொதி தன்னைத் தானே வெட்டி விடுவித்துக்கொண்டு, உறைக்கான பகுதியை விபி0, விபி3, விபி1 என்று பிரிக்கிறது. இம்மூன்றும் சேர்ந்த அலகுகள் ஐந்தைந்தாகக் கூடி ஒரு வில்லையாகின்றன. 12 வில்லைகள் சேர்ந்தால் முழு உறை. கடைசி வெட்டு அதற்கப்புறம். வேறு நொதி எதுவும் வராமல் விபி0 தானாகவே விபி4, விபி2 என்று பிளக்கிறது. அப்போதுதான் வைரஸ் முதிர்ந்து, தொற்றும் வலிமை பெறுகிறது. முதிர்ந்த உறையின் அமைப்பை ரவி ஆச்சார்யாவும் உடன் ஆய்ந்தவர்களும் 1989-இல் நுணுக்கமாகக் கண்டு சொன்னார்கள்.

இப்படி முதிர்ந்த வைரஸை ரசாயனத்தால் செயலிழக்கச் செய்ததுதான் தடுப்பூசி. அந்த முழு உறையைப் பார்த்தே மாட்டின் உடம்பு எதிர்ப்பைக் கற்கிறது. சூடு பட்டால் வில்லைகள் பிரிந்து, விபி4 கழன்றுபோகும். நம் நாட்டுத் தடுப்பூசியில் உள்ள ஓ, ஏ, ஆசியா-1 வகைகளில் எளிதில் உதிர்வது ஓ வகை. நம் மாடுகளை அதிகம் தாக்குவதும் அதுவே. மறுபடி ஐஸில் வைத்தாலும் உதிர்ந்தது ஒன்று சேராது. உதிர்ந்த வில்லைகளால் கிடைக்கும் எதிர்ப்பு சொற்பம். இத்தனை நடந்தும் மருந்தின் நிறம் மாறாது. நான் குலுக்கிப் பார்த்ததற்கு ஒரு அர்த்தமும் இல்லை.

நாலு மாதம் ஆகாத கன்றுக்கு ஊசி கிடையாது. தாயின் சீம்பாலில் வரும் எதிர்ப்புதான் அதற்குக் காவல். அந்தத் தாய்க்கு நான் போட்டது எது என்று எனக்குத் தெரியும். கன்று அதனால்தான் செத்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது; நல்ல ஊசி போட்ட மாட்டுக்கும் நோய் வருவதுண்டு. அந்தச் சந்தேகத்துக்குள் இத்தனை காலம் ஒளிந்திருந்ததும் என் குற்றம். முதலில் அந்த அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும்.

மாடு வைத்திருப்பவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஊசிக்கு முன்னால் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஐஸ் கரைந்து பாட்டில் சூடாக இருந்தால், வந்தவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் மாட்டைப் பிடிக்காதீர்கள். புது மருந்தோடு இன்னொரு நாள் வரச் சொல்லுங்கள்.