நுரை எடுக்கிற பெட்டி

பாரிசில் எங்கட சனத்துக்குக் கடிதம் வாசித்துச் சொல்வது எனக்கு இருபத்தைந்து வருடப் பழக்கம். மின்சாரக் கட்டணம், பள்ளிக்கூட அறிவித்தல், வீட்டுக்காரனின் எச்சரிக்கை, அகதி விண்ணப்பத்துக்கு வந்த பதில் என்று எத்தனையோ தாள்கள் என் கையால் போயிருக்கின்றன. ஆனால் போன மாரியில் ரூ பெர்தொனேயில் நாலாம் மாடியில் இருக்கிற மயிலிட்டி அண்ணை என் கையில் தந்த தாள் வேறு விதமானது. கடல்மீன் தொட்டியில் பூட்டுகிற ஒரு யந்திரத்தின் விளக்கத்தாள் அது. ஆங்கிலத்தில் புரொட்டீன் ஸ்கிம்மர் என்பார்கள். பிரெஞ்சில் அதற்கு ‘எக்யுமேர்’, நுரை எடுப்பது, என்று பெயர். கடற்கொள்ளைக்காரனுக்கும் இதே சொல்தான்.

லாச்சப்பலுக்குச் சாமான் வாங்க வருகிறவர்களுக்கு ரூ பெர்தொனேயைச் சொல்லத் தேவையில்லை. போபூர் சென் தெனியில் தொடங்கி பிலிப் து ஜிரார் தெருவில் முடிந்துவிடுகிற சின்னத் தெரு. ஒகுஸ்த் பெர்தொனே (1801–1867) என்ற புகையிரதப் பொறியியலாளரின் பெயர் அதற்கு. பக்கத்து ரூ காய் புகையிரத எஞ்சின் செய்த முதலாளியின் பெயர். இரண்டு பெரிய புகையிரத நிலையங்களுக்குப் பக்கத்தில், யந்திரக்காரரின் பெயர்களுக்குக் கீழே, நாங்கள் கத்தரிக்காயும் கருவாடும் விற்றுக்கொண்டிருக்கிறோம்.

அண்ணையின் வீடு ஒரு அறையும் ஒரு குசினியும். வாடகை ஒப்பந்தம் அவருடைய பெயரில். அவரோடு ஐந்து பெடியள். அதில் இரண்டு பேரின் விண்ணப்பம் இன்னும் ஒஃப்ப்ராவில் இருக்கிறது. மூலையில், சுவரோடு, 240 லீற்றர் கடல். அவர் கோப்பை கழுவிய உணவகம் 2020 இல் கொரோனாவோடு மூடப்பட்டபோது, வாசலில் வைத்திருந்த தொட்டியை முதலாளி இவருக்குக் கொடுத்துவிட்டார். இரண்டு கோமாளி மீன், ஒரு மஞ்சள் மீன். அந்த மஞ்சள் மீனைக் கடைக்காரர் நரிமுகம் என்று விற்றாராம். “நரியுமில்லை ஒண்டுமில்லை, இது ஓரா. எங்கட ஓராவின்ர சாதி. முள்ளுக் குத்தினா அதே கடுப்புத்தான்” என்பார் அண்ணை. கீழே மீன்கடையில் சிலநேரம் ஐஸ் பெட்டிக்குள் ஓரா கிடக்கும். கூழுக்கு ஒன்று வாங்கிக்கொண்டு வந்து, மேலே இன்னொன்றுக்குத் தீன் போடுவது அவருக்கு முரணாகப் பட்டதில்லை.

பிரச்சினை இதுதான். நுரை எடுக்கிற பெட்டி பொங்கி, கறுத்த தண்ணீர் நிலத்தில் ஓடி, கீழ்வீட்டுக் கூரையில் ஒரு கறை விழுந்துவிட்டது. பாரிசில் தண்ணீர் ஒழுகினால் என்ன நடக்கும் என்று இதை வாசிக்கிறவர்களில் பலருக்குத் தெரியும். காப்புறுதிக்காரன் வருவான், படிவம் வரும், பிறகு வீட்டுக்காரன் வந்து கட்டில்களை எண்ணுவான். விசா இல்லாத இரண்டு பெடியளுக்கும் அந்த விலாசம்தான் காலூன்ற இருக்கிற இடம். கீழ்வீட்டு அல்ஜீரியக் கிழவி நல்ல மனுசி. கறைக்குத் தானே பூச்சுப் பூசிக்கொள்வதாகச் சொன்னாள். ஆனால் இரண்டாம் முறை அப்படிச் சொல்லமாட்டாள். பெடியள் ஞாயிற்றுக்கிழமை வரை தவணை கொடுத்திருந்தார்கள். அதற்குள் சரிவராவிட்டால் தொட்டி போகவேண்டும்.

யந்திரத்தின் வேலையை நான் தாளிலிருந்து வாசிக்க, அண்ணை தன் பாசையில் விளங்கிக்கொண்டார். மீனின் கழிவிலும் மிஞ்சிய தீனிலும் இருந்து வருகிற புரதம் போன்ற பொருட்களுக்கு ஒரு முனை தண்ணீரை விரும்பும், மறு முனை தண்ணீரை விட்டு விலகும். காற்றுக் குமிழி கிடைத்தால் அதன் தோலில் போய் ஒட்டிக்கொள்ளும். கோடிக்கணக்கான சிறு குமிழிகளை ஒரு குழாய்க்குள் அனுப்பினால், அழுக்கைச் சுமந்த நுரை மேலேறி ஒரு கிண்ணத்தில் விழும். அழுகி நஞ்சாக முதலே அது வெளியே வந்துவிடுகிறது. நன்னீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்துவிடும். உப்புநீரில் சிறிதாகவே நிற்கும். அதனால்தான் இது கடல்நீருக்கான யந்திரம்.

“வாடை பெயர்ந்தா மயிலிட்டிக் கரையில நுரை முழங்கால் மட்டும் கிடக்கும். கடல் தன்ர ஊத்தையைத் தானே தள்ளுது எண்டு அப்பு சொல்லுவார்” என்றார் அண்ணை. அப்பு சொன்னதும் தாளில் இருந்ததும் ஒன்றுதான்.

முதலில் தண்ணீர் மட்டம். யந்திரம் நிற்கிற கீழ்த் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு உயரம் இருக்கவேண்டும் என்று தாளில் கோடு போட்டிருந்தது. அளந்தால் ஆறு சென்ரிமீற்றர் கூட. மாரியில் அறைச் சூடாக்கியின் வெக்கையால் தண்ணீர் வற்றுவதைக் கண்டு, ஒரு பெடியன் நல்ல எண்ணத்தில் ஒவ்வொரு இரவும் ஊற்றி நிரப்பி வந்திருக்கிறான். வெளியே மட்டம் ஏற, குழாய்க்குள்ளும் ஏறி, நுரைக்குப் பதிலாகத் தண்ணீரே கிண்ணத்துக்குள் போய்விட்டது. கோட்டுக்கு இறக்கினோம். பொங்கல் நின்றது.

ஆனால் நுரையும் நின்றுவிட்டது. யந்திரம் சத்தம் போடுகிறது, குமிழி இல்லை. காற்று இழுக்கிற மெல்லிய குழாயின் வாயில் உப்புக் கட்டிபட்டிருந்தது. தெறிக்கிற துளிகள் காய்ந்து காய்ந்து அடைத்துவிடுமாம். சுடுதண்ணீர் விட்டவுடன் கரைந்தது. சுழலியைக் கழற்றினால் அதில் சுண்ணாம்புப் படை. வினாகிரியில் ஒரு மணித்தியாலம் ஊறப்போட்டுப் பல்துலக்கியால் தேய்த்தோம். பூட்டியதும் பால்போலக் குமிழி வந்தது. ஆனாலும் கழுத்து வரை ஏறாமல் உடைந்தது. அதற்கும் தாளில் காரணம் இருந்தது: எண்ணெய். கொழுப்புப் பட்டால் நுரை முறியும். வடை சுட்ட கையைத் தண்ணீருக்குள் விட்டாலே போதும். பருப்பு பொங்கி வழியாமலிருக்க எங்கட அம்மாமார் ஒரு துளி நல்லெண்ணெய் விடுவதும் இந்த விதிப்படிதான். அடுத்தநாள் பின்னேரம் தேத்தண்ணி நிறத்தில், கெட்டியாக, நாற்றத்தோடு நுரை கிண்ணத்துக்குள் விழுந்தது. அந்த நாற்றத்துக்கு ஆறு பேர் கைதட்டினார்கள்.

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் காலையில் மீன்கள் சோர்ந்து, வேகமாகச் செவுள் அடிப்பதாக அண்ணை சொன்னார். உப்பைப் பார்த்தோம், லீற்றருக்கு 35 கிராம், சரி. பி.எச். பார்த்தோம். கடல்நீருக்கு ஏறக்குறைய 8.2 இருக்கவேண்டும். காலையில் 7.8. தண்ணீர் பழுதா, காற்றுப் பழுதா என்று கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு கிண்ணம் தொட்டித் தண்ணீரை யன்னலுக்கு வெளியே வைத்து, வெளிக்காற்றை ஒரு மணித்தியாலம் குமிழிவிட்டுத் திரும்ப அளப்பது. அளந்தோம். 8.1.

குற்றம் அறைக் காற்றில்தான் இருந்தது. யந்திரம் இழுப்பது அறைக் காற்றை. அறையில் ஆறு பேர் படுக்கிறார்கள். குளிருக்கும் மின்சாரக் கட்டணத்துக்கும் பயந்து யன்னல் சாத்தியிருக்கிறது. வெளிக்காற்றில் கரியமில வாயு பத்து இலட்சத்தில் 420 பங்கு அளவில் இருக்க, பலர் நித்திரை கொள்கிற பூட்டிய அறையில் அது 2000 ஐயும் தாண்டும். அதைத் தண்ணீரில் கரைத்தால் அமிலம். பெடியள் இரவிரவாக விட்ட மூச்சை யந்திரம் இழுத்துத் தொட்டிக்குள் கரைத்துக்கொண்டிருந்தது.

இதை நான் சொன்னபோது ஒருவரும் சிரிக்கவில்லை. விண்ணப்பம் முடியாத பெடியன் ஒருவன், “அப்ப எங்களுக்கு?” என்று கேட்டான். விடியத் தலையிடியோடு எழும்புவதற்குக் காரணம் யோசனைதான் என்று அவன் இவ்வளவு நாளும் நினைத்திருந்தானாம். யோசனையும் காரணம்தான். ஆனால் காற்றும் காரணம்.

இந்த மீன்களின் வரவும் எங்களுடையதைப் போலத்தான். கடலில் அலங்கார மீன் பிடித்து வெளிநாட்டுக்கு ஏற்றுகிற வியாபாரம் 1930களில் சிறிய அளவில் தொடங்கியதே இலங்கையில்தான் என்கிறார்கள். இன்றும் தொட்டிகளில் இருக்கிற கடல்மீன்களில் பெரும்பாலானவை கடலில் பிடிபட்டவையே. பாரிசிலும் அதே 1930களில் கடல்மீனுக்கு ஒரு வீடு கட்டினார்கள். எட்டாம் இலக்க மெத்ரோவில் போர்த் தோரேயில் இறங்கினால் 1931 காலனித்துவக் கண்காட்சிக்காகக் கட்டிய மாளிகை நிற்கிறது. அதன் கீழ்த்தளத்தில் அன்றிலிருந்து மீன்சாலை. மேலே 2007 இலிருந்து குடிவரவு வரலாற்று அருங்காட்சியகம். அண்ணை கீழ்த்தளத்துக்குப் பலமுறை போயிருக்கிறார். “மேல ஏறிப் பாக்கேல்லையோ?” என்று கேட்டேன். “அது எனக்குத் தெரியும்தானே” என்றார்.

மயிலிட்டித் துறைமுகம் 1990 இல் சனம் இடம்பெயர்ந்த பிறகு, 2017 ஜூலையில்தான் திரும்பக் கிடைத்தது. அதற்குள் அவருக்கு இங்கே முடி நரைத்துவிட்டது. இனிப் போய் வள்ளம் தள்ள உடம்பு இடம்கொடாது என்று அவரே சொல்கிறார். அதனால் அந்தத் தொட்டியை வெறும் பொழுதுபோக்கு என்று என்னால் சொல்ல முடியவில்லை. தண்ணீர், உப்பு, காற்று மூன்றையும் வாசிக்கத் தெரிந்த ஒரு மனிதருக்கு, அந்த அறிவு இன்னும் வேலைசெய்கிற ஒரே இடம் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நீளவில்லை. பெட்டிக்குக் கீழே ஒரு பெரிய பிளாஸ்ரிக் தட்டம், இனிப் பொங்கினாலும் நிலம் நனையாது. தண்ணீர் ஊற்றுவது அண்ணை மட்டும். காற்றுக் குழாயை நீட்டி யன்னல் இடுக்கால் தெருப்பக்கம் விடுவது. தொட்டி இருக்கலாம் என்று நாலு பேர் சொன்னார்கள். ஐந்தாவது பெடியன், தலையிடிக்காரன், ஒரு நிபந்தனை வைத்தான்: குளிரென்றாலும் காலையும் இரவும் பத்து நிமிடம் யன்னலை முழுதாகத் திறக்கவேண்டும், மீனுக்கில்லை, எங்களுக்கு. கூடுகிற கட்டணத்தை ஆறாகப் பிரித்துக்கொள்ளலாம் என்றான். அண்ணை அந்த விளக்கத்தாளின் பின்பக்கத்தில் ஆறு பெயரையும் எழுதி, கணக்கைத் தொடங்கினார்.