மௌனத்தால் அறுந்த தொடர்பு

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பர் பெரியோர். கணினிக்கோ மௌனம் பிரிவுக்கு அறிகுறி. இதனை எங்கள் கல்லூரிக் காரியாலயத்திலே, தவணைப் பரீட்சை முடிந்த காலத்திற் கண்டறிந்தோம்.

மாணவர் பெற்ற புள்ளிகள் யாவும் அங்குள்ள பொதுக் கணினியொன்றிலே சேமிக்கப்படும். இலிகிதராகிய அம்மையார் தம் மேசைக் கணினியிலிருந்து அவற்றைப் பதிவார். பெற்றோர் எவரேனும் வந்தால் எழுந்து செல்வார்; மீண்டு வந்து பார்க்குங்கால் தொடர்பு அறுந்திருக்கும்; சேமியாத புள்ளிகள் போயிருக்கும். இருமுறை இவ்வாறு நேரவே, கவனமற்றவர் என்ற பழி அவர்மேல் விழுந்தது. கணினி பேசாது, ஆகையால் பழியைச் சுமப்பவர் மனிதரே அன்றோ!

இதனை ஆராயும்படி அதிபர் என்னிடம் கூறினார். முதலிலே கடிகாரத்தைத் துணைக்கொண்டோம். கணினியை 10 நிமிடம் வாளா விட்டபோது தொடர்பு நிலைத்தது. 20 நிமிடம் விட்டபோது அறுந்தது. பலமுறை பார்த்தும் அவ்வாறே. கம்பி பழுதாயின் இத்தனை ஒழுங்காகக் காலம் பார்த்து அறாது. அடுத்து, மின்சாரத்தைச் சேமிக்கும்பொருட்டு வலையமைப்பு அட்டையை உறங்கவிடும் ஏற்பாட்டை நிறுத்தினோம், பயனில்லை.

எஞ்சியது பொதுக் கணினி. விண்டோஸ் முறையிலே கோப்புகளைப் பகிரும் கணினி, 15 நிமிடம் யாதொன்றும் கேளாதவரின் தொடர்பை விடுவித்தல் அதன் வழக்கமான விதி. வீணே இடம் பிடித்திருப்போரை நீக்குவதே அவ்விதியின் நோக்கம். மீண்டும் கேட்டால் தொடர்பு உடனே புதுப்பிக்கப்படும். எங்கள் பழைய புள்ளிச் செயலியோ மீண்டும் கேட்க அறியாதது. அக்கால வரம்பை நீட்டினோம், தொல்லை நீங்கியது.

நிற்க. மாணவர் கருதத்தக்கது ஒன்று இதிலுண்டு. ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றிப் பார்த்தமையாலன்றோ காரணம் வெளிப்பட்டது! யாவற்றையும் ஒருங்கே மாற்றியிருந்தாலும் தொல்லை நீங்கியிருக்கும்; ஆனால், காரணம் தெரிந்திராது. காரணம் தெரியாதவிடத்து அம்மையார்மேல் விழுந்த பழியும் முற்றாக நீங்கியிராது.

பழி சொல்ல ஒரு கணம் போதும். காரணம் காண எங்களுக்கு ஒரு முழுப் பிற்பகல் வேண்டியிருந்தது. அப்பிற்பகல் வீணன்று.