ஒற்றைக்கால்

"கண்ணை மூடிக்கிட்டு ஒத்தக்கால்ல நில்லுங்க சார்" என்றார் பிசியோதெரபிஸ்ட்.

ராஜபாளையத்தில் ஜிம்முக்குப் போக ஆரம்பித்த இரண்டாவது மாதம், படியில் இறங்கும்போது கணுக்கால் பிசகிவிட்டது. ஆறு வாரம் கழித்து வீக்கமும் வலியும் இல்லை. கண்ணைத் திறந்துகொண்டு எப்படியோ சமாளித்து நின்றேன். மூடியதும் மூன்று எண்ணுவதற்குள் சுவரைப் பிடித்துவிட்டேன். அடிபட்ட காலில் அப்படி ஆனது அவருக்கு ஆச்சரியமில்லை. நல்ல காலிலும் அதே கதைதான் என்றதும் நோட்டை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சின்ன வயசுலயே இப்படித்தானா சார்?"

நாற்பத்து மூன்று வயதில் முதல்முறையாக ஒருவர் என்னிடம் அதைக் கேள்வியாகக் கேட்டார். அதுவரை எல்லோரும் தீர்ப்பாகத்தான் சொல்லியிருந்தார்கள்.

சோழபுரத்தில் எனக்குத் 'தொப்பு' என்று பட்டப்பெயர். தொப்பென்று விழுகிறவன். வரப்பில் நடந்தால் வயலுக்குள் கிடப்பேன். வாசல்படி தினமும் அதே இடத்தில்தான் இருக்கும், ஆனாலும் தினமும் இடித்துக்கொள்வேன். டம்ளரில் தண்ணீர் கொடுத்தால் பாதி சட்டையில். பள்ளி டிரில்லில் இடது வலது மாறிப்போகும். ஆசிரியர் என்னை முன்னால் கூப்பிட்டுத் தனியாகச் செய்யச் சொல்வார், மற்றவர்கள் சிரிப்பதற்காக. மணிக்கணக்கு வாடகைச் சைக்கிளில் என் வயதுப் பையன்கள் தெற்கே சேத்தூர் வரை போய்வந்தார்கள். நான் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

இன்னொரு பக்கமும் உண்டு. பனியன் கழுத்தில் தைத்திருக்கும் துணிப்பட்டி எனக்கு முள்ளாகக் குத்தும். அம்மா பிளேடால் அதைப் பிரித்துக் கொடுத்தால்தான் போடுவேன். கோயில் கொடையில் உறுமி ஆரம்பித்தால் காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிடுவேன். "ஆம்பளப் புள்ளையாடா நீ?" என்பார் அப்பா. அம்மாச்சி மட்டும், "அவனுக்கு ஒடம்பு ஒரு பக்கம், நெனப்பு ஒரு பக்கம்" என்பாள். அவள் கேலியாகத்தான் சொன்னாள். இன்று யோசித்தால் அதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

இதில் எனக்கே புரியாத விஷயங்கள் இரண்டு இருந்தன. ஒன்று, டம்ளரைச் சிந்துகிற நான் தளும்பத் தளும்ப நிறைந்த குடத்தைத் தெருக்குழாயிலிருந்து ஒரு சொட்டுச் சிந்தாமல் கொண்டுவருவேன். இரண்டு, கிணறு. அப்பா இடுப்பில் கயிறு கட்டித்தான் இறக்கினார். நாலே நாளில் நீச்சல் வந்துவிட்டது. தண்ணீருக்குள் இருக்கும்போது மட்டும் என் கை எங்கே இருக்கிறது, கால் எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரிந்தது.

பிசியோதெரபிஸ்ட் ஒரு வார்த்தை சொன்னார்: புரோபிரியோசெப்ஷன். பிரிட்டிஷ் உடலியலாளர் சார்லஸ் ஷெரிங்டன் 1906இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல். தசையிலும் தசைநாணிலும் மூட்டிலும் இருக்கும் நுண்ணிய உணர்விகள், எந்தத் தசை எவ்வளவு நீண்டிருக்கிறது, எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று ஓயாமல் மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. இருட்டில் மூக்கைத் தொட முடிவது அதனால்தான். நாம் ஐம்புலன் என்று எண்ணிப் பழகியவர்கள். தொல்காப்பியம்கூட ஓரறிவு, ஈரறிவு என்று தொடு உணர்விலிருந்துதான் தொடங்குகிறது. இந்தப் புலனுக்கு அங்கே தனி இடமில்லை. ஒழுங்காக வேலை செய்யும்வரை இருப்பதே தெரியாத ஒன்றை எப்படி எண்ணுவது?

நிற்பதற்கு உடம்பு மூன்று பேரைக் கேட்கிறது. ஒன்று கண். இரண்டாவது உட்காது. அங்கே இருக்கும் மூன்று அரைவட்டக் குழாய்களில் திரவம் அசைவதைக் கொண்டு தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அறிகிறது. மூன்றாவது தசையும் மூட்டும். கண்ணை மூடினால் மற்ற இரண்டும் பாரத்தை ஏற்க வேண்டும். எனக்கு அவை குரல் மெலிந்தவை. வாழ்நாள் முழுக்கக் கண்ணை வைத்தே நின்றுகொண்டிருந்திருக்கிறேன்.

இதன் உச்சகட்ட உதாரணம் இயன் வாட்டர்மேன் என்ற ஆங்கிலேயர். 1971இல், பத்தொன்பது வயதில், ஒரு காய்ச்சலுக்குப் பிறகு கழுத்துக்குக் கீழே தொடு உணர்வும் இந்தத் தன்னுடல் உணர்வும் போய்விட்டன. தசைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கை எங்கே என்று பார்த்தால்தான் தெரியும். ஒவ்வொரு அசைவையும் கண்ணால் பார்த்து, யோசித்து, மறுபடி நடக்கக் கற்றுக்கொண்டார். விளக்கு அணைந்தால் அப்படியே சரிந்துவிடுவார். அவர் பாதிப்புக்கும் என் தடுமாற்றத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆனாலும் அவரைப் பற்றிப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் நானில்லை, என் மகன்.

அதற்கு முந்தைய ஆடிப்பூரம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேர். மனைவியின் ஊர் அது. கூட்டமும் மேளமும் கோஷமுமாகத் தேர் நகர ஆரம்பித்தபோது, ஏழு வயது மகன் காதைப் பொத்திக்கொண்டு தெருவிலேயே படுத்துவிட்டான். தூக்கினால் உதைக்கிறான். சுற்றிலும் எல்லோரும் பார்க்கிறார்கள், மாமனார் பார்க்கிறார். ஓங்கி ஒன்று வைத்தேன். "ஆம்பளப் புள்ளையாடா நீ?" என்றேன். என் வாயிலிருந்து வந்தது அப்பாவின் குரல்.

இரவு மனைவி சொன்னாள்: "நீங்களும் இப்படித்தான் காதப் பொத்திக்கிட்டு ஓடுவீங்களாமே. அத்தை சொன்னாங்க."

அவனை மதுரைக்கு, ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் அழைத்துப் போனோம். அந்த அம்மா ஒரு மணி நேரம் அவனை ஊஞ்சலில் விட்டார், மெத்தைமேல் குதிக்க விட்டார், பாரம் ஏற்றிய வண்டியைத் தள்ள விட்டார். சுவரில் போய் மோதிக்கொண்டே இருப்பவன், அரைமணி நேரம் வண்டி தள்ளியபின் உட்கார்ந்து படம் வரைந்தான்.

"இது சேட்டை இல்ல சார். அவன் உடம்பை அவன் தேடுறான்" என்றார். குடத்தையும் கிணற்றையும் சொன்னேன். சிரித்தார். பாரம் தூக்கும்போது தசையும் மூட்டும் உரக்கப் பேசும், தண்ணீர் எல்லாப் பக்கமும் அழுத்தும், அதனால் உங்களுக்குக் கேட்டிருக்கும் என்றார்.

இந்த முறைக்கு அடித்தளம் போட்டவர் ஜீன் ஏர்ஸ் என்ற அமெரிக்கர். புலன்களை ஒருங்கிணைப்பது பற்றிய அவருடைய புத்தகம் 1972இல் வந்தது. அதை முழுமையாக ஏற்காதவர்களும் உண்டு. ஆதாரம் குறைவு, இதைத் தனி நோயாகப் பெயரிட வேண்டாம் என்று 2012இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் சொன்னது. 2013இல் வந்த மனநலக் கையேட்டிலும் இது தனிக் குறைபாடாக இல்லை. ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகப் புலன் கூர்மையும் மந்தமும் இடம்பெற்றன. உடல் ஒத்திசைவுக் குறைபாடு தனித் தலைப்பில் இருக்கிறது. இதையெல்லாம் அந்த அம்மாவே சொன்னார். "பேர் என்னங்கறதைவிட, அவனுக்கு என்ன கஷ்டம்னு தெரியறது முக்கியம்" என்றார். மந்திரம் போட்டு எடுத்துவிடுவேன் என்று அவர் சொல்லாததால்தான் அவரை நம்பினேன்.

இப்போது வீட்டு உத்திரத்தில் சேலை ஊஞ்சல் தொங்குகிறது. காலையில் மகன் பாதி நிறைந்த குடத்தைக் கொல்லைக்குக் கொண்டுபோய்ச் செடிக்கு ஊற்றுவான். பனியன் பட்டியை நானே பிரிக்கிறேன். அடுத்த ஆடிப்பூரத்துக்கு மாடியிலிருந்து தேர் பார்த்தோம், காதில் பஞ்சோடு. இன்னமும் சாம்பார் கொட்டுகிறது. எனக்கு இன்னமும் கோபம் வருகிறது. கை மட்டும் எழவில்லை.

பல் துலக்கும்போது ஒற்றைக்காலில் நிற்பது எனக்கு வீட்டுப்பாடம். கண்ணை மூடி ஆறு வினாடி வந்திருக்கிறேன். போன மாதம் திண்ணையில் நானும் மகனும் போட்டி போட்டுக்கொண்டிருந்தோம். அப்பா, எழுபத்தாறு வயது, சாய்வு நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "என்னடா கொக்கு மாதிரி?" என்று எழுந்துவந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கினார். கையை விட்டதும் சாய்ந்தார். நான் தாங்கிப் பிடித்தேன்.

"ஒங்களுக்கும் வரலையேப்பா."

"எனக்கு எப்பவுமே வராது. சைக்கிளே ஓட்ட வராதுல்ல."

முப்பது வருடம் மில்லுக்கு அவர் பஸ்ஸில்தான் போனார். பஸ் இல்லாத ஷிஃப்டுக்கு நடந்து போவார். நடந்தால் உடம்புக்கு நல்லது என்பார். வீட்டில் ஒருநாளும் சைக்கிள் இருந்ததில்லை என்பதை நான் கவனித்ததே இல்லை.

"இத்தனை நாள் சொல்லலையேப்பா" என்றேன்.

"இதையெல்லாம் போயி எவனாவது சொல்லுவானா?" என்றார். பிறகு மகனைப் பார்த்து, "ஏலே, இன்னொருக்கா தாத்தா கையப் பிடி" என்று காலைத் தூக்கினார்.