வந்தாரும் இருந்தாரும்

நம் வீட்டு வாசற்காலில் இரண்டு ஆணித் துளைகள் இன்றும் இருக்கின்றன. 1991ஆம் ஆண்டு டிசம்பர் வரை நம் தந்தையாரின் பெயரைத் தமிழில் தாங்கிய மரப்பலகை ஒன்று அங்கே தொங்கியது. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வெளிவந்ததை அடுத்துப் பெங்களூரில் கலவரம் மூண்ட அந்த நாளில், எதிர்வீட்டுக் கன்னட அம்மையார் விரைந்து வந்தார். பலகையைக் கழற்றித் தம் முந்தானைக்குள் மறைத்தார். நம் தாயாரையும் தம்பியையும் நம்மையும் தம் வீட்டு உள்ளறைக்கு அழைத்துச் சென்றார். மூன்று இரவுகள் அங்கே இருந்தோம். அப்போது நமக்கு அகவை பதினொன்று. அமைதி திரும்பியபின் பலகையும் திரும்பி வந்தது. ஆயினும் தந்தையார் அதனை மீண்டும் மாட்டவில்லை; தகரப்பெட்டியின் அடியில் வைத்துவிட்டார்.

வந்தவனைக் கண்டு இருந்தவன் ஏன் அஞ்சுகிறான் என்னும் வினா அன்று நம் நெஞ்சில் விழுந்தது. கோப்புகளுக்கிடையே காலங்கழிக்கும் ஓர் எழுத்தனுக்கு இதற்கு விடைகாணும் புலமை இல்லை. எனினும் இம்மலரைப் படிக்கும் குடும்பங்கள் யாவும் ஏதேனும் ஒரு காலத்தில் வந்த குடும்பங்களே. ஆதலின் நாம் நமக்குள் பேசிக்கொள்வதில் தவறில்லை.

நாம் இந்நகருக்குப் புதியவர் அல்லர். 1809இல் ஆங்கிலேயர் இங்குத் தண்டு இறக்கியபோது, படையோடு சென்னை மாகாணத்திலிருந்து வீரரும் கொத்தரும் வணிகரும் வந்தனர். அல்சூர்ப் பகுதியின் தமிழ் அவ்வாறு வேர்கொண்டது. பின்னர் எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., எச்.எம்.டி., பி.இ.எல். என்று பொதுத்துறைத் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து ஆள் தேடின. திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து ரயிலேறி வந்த நம் தந்தையார் அத்தகைய ஓர் ஆலையில் பணிக்கமர்ந்து, இராமமூர்த்தி நகரில் இரண்டு அறை வீடொன்று கட்டினார். 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 8 லட்சமாக இருந்த பெங்களூரின் மக்கள்தொகை, 2011இல் ஏறத்தாழ 85 லட்சம். தன் மொழியே தன் தலைநகரில் தேய்ந்துவிடுமோ என்று கன்னடர் கவலையுற்றதில் வியப்பில்லை.

1983இல் அமைக்கப்பட்ட சரோஜினி மகிஷி குழுவின் பரிந்துரைகள் அக்கவலையின் வடிவமே. கர்நாடகத்திலுள்ள மத்திய அரசு அலுவலகங்களின் குரூப் சி, குரூப் டி பணிகள் முழுவதும் கன்னடர்க்கே உரியனவாதல் வேண்டும் என்று அக்குழு கூறியது. நாம் இன்று அமர்ந்திருக்கும் நாற்காலியும் அவற்றுள் ஒன்று! அல்சூர் ஏரியருகே நிறுவப்பட்ட வள்ளுவர் சிலை 1991 முதல் பதினெட்டு ஆண்டுகள் மூடிய துணிக்குள் நின்றது. 2009 ஆகஸ்ட் 9இல் அது திறக்கப்பட்டது. நான்கே நாளில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலையும் திறக்கப்பட்டது. 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்களில் மேலாண்மைப் பணிகளில் 50 விழுக்காடும் பிற பணிகளில் 70 விழுக்காடும் உள்ளூரார்க்கு ஒதுக்கும் மசோதாவுக்கு மாநில அமைச்சரவை இசைவளித்துச் சில நாள்களிலேயே நிறுத்திவைத்தது. அலை எழுவதும் தணிவதும் மீண்டும் எழுவதும் நாம் காணும் காட்சி.

இஃது ஏழ்மையின் விளைவு என்று நாம் நெடுநாள் எண்ணியிருந்தோம். வளம் மிக்க சிறுநாடுகளின் செய்திகளைப் படித்தபோது அவ்வெண்ணம் கலைந்தது. சுவிட்சர்லாந்தைக் காண்க. அந்நாட்டின் சாலைகளையும் சுரங்கங்களையும் அமைக்க இத்தாலியத் தொழிலாளர் பெருந்தொகையாக அழைக்கப்பட்டனர். 1970 ஜூன் 7இல், அயல்நாட்டவர் தொகையைப் பத்து விழுக்காட்டளவில் கட்டுப்படுத்தக் கோரும் முன்மொழிவு மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தது. அது தோற்றது எனினும் நூற்றுக்கு நாற்பத்தாறு பேர் அதனை ஆதரித்தனர். 2014 பிப்ரவரி 9இல் அதுபோன்ற மற்றொரு முன்மொழிவு 50.3 விழுக்காடு வாக்குகளால் வென்றது. அயலார் மிகுதியாக வாழும் ஜூரிச், ஜெனிவா மாநிலங்கள் அதனை எதிர்த்தன; இத்தாலிய எல்லையை அடுத்த டிச்சினோ மாநிலமோ பெருவாரியாக ஆதரித்தது. நாள்தோறும் எல்லை கடந்து வேலைக்கு வருவோரைக் காணும் மாநிலம் அது. ஓசூரையும் பெங்களூரையும் அறிந்த நமக்கு இது விளங்காததன்று.

அதே நாட்டில்தான், 1983க்குப் பின் உயிர்பிழைத்து ஓடிய ஈழத்தமிழர் உணவகச் சமையற்கட்டுகளில் தட்டுக் கழுவித் தொடங்கி நிலைபெற்றனர். முதலில் ஐயத்தோடு பார்த்த கண்களே பின்னர் அவர்தம் உழைப்பைப் பாராட்டின. பெர்ன் நகரில் 2014 டிசம்பரில் திறக்கப்பட்ட சமயங்களின் இல்லத்தில் இன்று சிவன் கோயிலும் மணியொலிக்கிறது. வாக்குச்சீட்டில் வெறுப்பும் அண்டைவீட்டில் அன்பும் ஒரே நாட்டில் இருக்கக்கூடும் போலும்!

சிங்கப்பூர் நமக்கு இன்னும் அணித்தானது. நம் தம்பி அங்குக் கட்டுமானத் துறையில் மேற்பார்வையாளராக இருக்கிறான். தமிழ் அங்கு நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று. ஆயினும் 2030இல் மக்கள்தொகை 69 லட்சத்தை எட்டலாம் என்று 2013 ஜனவரியில் அரசின் வெள்ளை அறிக்கை கூறியபோது, கூட்டங்கூடிப் பழக்கமில்லாத அந்நாட்டு மக்கள் ஹோங் லிம் பூங்காவில் ஆயிரக்கணக்கில் திரண்டனர். ரயிலில் நிற்க இடமில்லை, வீட்டு விலை தாங்கவில்லை என்பனவே அவர்தம் குறைகள். அரசும் வாளாவிருக்கவில்லை, 2012இலேயே தன் செலவில் 550 பேருந்துகளைக் கூட்டும் திட்டத்தை அறிவித்திருந்தது, அயல்தொழிலாளர் வருகையையும் இறுக்கியது.

தம்பி ஒருமுறை தொலைபேசியில் கூறியது மறக்கவொண்ணாதது. “அண்ணா, சீனர் முகஞ்சுளித்தால் மனம் வருந்துவதில்லை. இங்கேயே பிறந்த தமிழர், ‘ஊரிலிருந்து வந்தவர்கள்’ என்று எங்களைக் கண்டு ரயிலில் இரண்டடி தள்ளி நிற்கும்போதுதான் வருந்துகிறது.” நாம் அவனுக்காகச் சினந்தோம். மூன்று தலைமுறைக்கு முன் அவர்களும் கப்பலில் வந்தவர்கள்தாமே என்று உரத்துப் பேசினோம். அந்தச் சினம் நம்மையே நோக்கித் திரும்பும் நாள் தொலைவில் இல்லை என்பதை அன்று அறியவில்லை.

2024ஆம் ஆண்டுக் கோடை. ஆழ்துளைக் கிணறுகள் வற்றின. தண்ணீர் லாரிக்காக நம் தெரு விடியுமுன் விழித்தது. தெருக்கோடி வீட்டின் மாடியில் வடகிழக்கிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த எட்டு இளைஞர் குடியிருந்தனர். பகலில் உறங்குவர், இரவில் காவற்பணிக்குச் செல்வர். “எட்டுப் பேர் குளித்தால் தெருவுக்கு எங்கே தண்ணீர்?” என்றார் ஒருவர். “பெண்பிள்ளைகள் நடமாடும் தெரு” என்றார் மற்றொருவர். அவர்களை வெளியேற்றக் கோரி வீட்டுரிமையாளர்க்கு ஒரு விண்ணப்பம் எழுதுவதென முடிவாயிற்று. வரைவு எழுதும் பொறுப்பு நம்மிடம் வந்தது. அரசு அலுவலகத்தில் இருபது ஆண்டு வரைவு எழுதிய கை அல்லவா? ‘நம் தெருவின் அமைதிக்கும் பண்பாட்டுக்கும் குந்தகமாக’ என்று தொடங்கி ஒரு பக்கம் நிரப்பினோம். மனச்சான்று உறுத்தவில்லை என்பதையும் இங்கு மறைக்காமல் சொல்லவேண்டும். ஒன்பது கையொப்பங்கள் கிடைத்தன.

பத்தாவது கையொப்பத்திற்காக எதிர்வீட்டிற்குச் சென்றோம். இன்று தெருவே ‘அஜ்ஜி’ என்று அழைக்கும் அதே அம்மையார். தமிழறியாதவர். விண்ணப்பத்தைக் கன்னடத்திற்கூறக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பின்னர் மெல்லக் கேட்டார்: “நிம்ம அப்பா பந்தாக நாவு ஹீகெ பரெதித்ரெ?” உங்கள் அப்பா வந்தபோது நாங்கள் இப்படி எழுதியிருந்தால்? அவ்வளவுதான். சினமில்லை, ஏளனமுமில்லை. காபி குடித்துவிட்டுப் போகும்படி கூறி உள்ளே எழுந்து சென்றார்.

அந்தக் காபி தொண்டையில் இறங்க நெடுநேரமாயிற்று. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தெருக்கோடிக்கு நடந்தோம். அலுவலகக் கட்டாயத்தால் கற்ற இந்தியை முதன்முறையாக ஒரு மனிதனிடம் பேசினோம். அவர்களின் இந்தியும் நம்முடையதைப் போலவே தட்டுத்தடுமாறியது. எட்டுப் பேருக்கும் சேர்த்து மேலே இருந்தது ஒரே ஒரு சிறு தொட்டி. வாடகையோ தலைக்கு இவ்வளவு என்று எட்டு மடங்கு. தண்ணீரைக் குடித்தவர் அவர் அல்லர். எட்டுப் பேர் வாழும் வீட்டுக்கு இருவர்க்குரிய தொட்டி வைத்தவரும், ஆளை அழைத்துவிட்டு நீரை மறந்த நகரமுமே பொறுப்பு. உரிமையாளரிடம் சென்ற விண்ணப்பம் வேறாயிற்று: இரண்டாவது தொட்டி வேண்டும் என்பது. ஒன்பது பேரில் நால்வர் மீண்டும் கையொப்பமிட மறுத்தனர். ஒருவர் இன்றும் நம்மோடு பேசுவதில்லை. தொட்டி மட்டும் வந்தது. அவ்வாண்டு அக்டோபரில், நாளொன்றுக்கு 775 மில்லியன் லிட்டர் வழங்கும் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டமும் நகரில் தொடங்கப்பட்டது.

நெரிசலின் குறை வேறு, மனிதன்மேற் கொள்ளும் வெறுப்பு வேறு. முன்னதற்குப் பேருந்தும் தொட்டியும் வீடும் மருந்து. முன்னதைத் தீர்க்காதவர் பின்னதை மூட்டிக் குளிர்காய்வர். இருந்தவரின் அச்சத்தை நாம் இகழ்தலும் கூடாது. அவர் மொழியைக் கற்று, ‘உங்கள் வீடு உங்களுடையதே’ என்னும் உறுதியை அவர்க்கு அளிப்பது வந்தவரின் கடமை. கணியன் பூங்குன்றனாரின் பாட்டை நாம் மேடைதோறும் முழங்குகிறோம். பிறர் வாசலில் நிற்கும்போது அதனை நினைப்பது எளிது; நம் வாசலில் பிறர் நிற்கும்போது நினைப்பதே அரிது.

தகரப்பெட்டியிலிருந்து பலகையை அண்மையில் எடுத்தோம். எழுத்து மங்கவில்லை. தமிழுக்கு மேலே கன்னடத்தில் எழுத இடமிருக்கிறது. எழுத்து வரைவோரிடம் கொடுக்க எண்ணியிருக்கிறோம். அதற்கு முன் அஜ்ஜியிடம் ஒருமுறை காட்டவேண்டும். எழுத்துப்பிழை இருந்தால் அவர் திருத்துவார்.