ஹோல்டான்... போலாம் ரைட்! நாஞ்சில் நாட்டு பஸ் இங்கிலீஷ்

நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையம். கன்னியாகுமரி வண்டி நகரத் தொடங்கும்போது, இடுப்பில் கூடையோடு ஒரு பாட்டி வேகுவேகென்று வருகிறார். படியில் நிற்கும் கண்டக்டர், “அண்ணாச்சி, ஹோல்டான்!” என்று குரல் கொடுக்கிறார். வண்டி நிற்கிறது. “பைய ஏறுங்க ஆச்சி” என்று கூடையை வாங்கி உள்ளே வைக்கிறார். பாட்டி கம்பியைப் பிடித்ததும், “போலாம் ரைட்!”

பள்ளிக்கூடம் பக்கமே போகாதவர்களுக்கும் இந்த இரண்டு ஆங்கிலச் சொற்கள் அத்துப்படி. ஆனால், இங்கிலாந்துக்காரர் ஒருவர் இந்த வண்டியில் ஏறினால் கொஞ்சம் திகைத்துத்தான் போவார்.

‘ஹோல்ட் ஆன்’ என்றால் ஆங்கிலத்தில் ‘கெட்டியாகப் பிடித்துக்கொள்’ என்று பொருள். ‘கொஞ்சம் பொறு’ என்றும் சொல்லலாம். லண்டன் கண்டக்டர்கள், ‘ஹோல்ட் டைட்’ என்று பயணிகளைப் பார்த்துச் சொல்வது வழக்கமாக இருந்தது. வண்டி கிளம்பப்போகிறது, கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். நம் ஊர் ‘ஹோல்டான்’ பயணிக்கானது அல்ல, டிரைவருக்கானது. அங்கே கிளம்புவதற்கு முன் சொல்வது, இங்கே நிறுத்துவதற்கு!

‘ரைட்’ கதையும் அப்படித்தான். வலது பக்கம் திரும்பு என்பதல்ல இதன் பொருள். ‘ஆல் ரைட்’, அதாவது ‘எல்லாம் சரி’ என்பதன் சுருக்கம். ரயில்வேயில், வண்டி ஒழுங்காகப் போகிறது என்று கார்டும் ஓட்டுநரும் பச்சைக்கொடி காட்டிக்கொள்வதற்கு இன்றும் ‘ஆல் ரைட் சிக்னல்’ என்றுதான் பெயர். ஆனால், நாஞ்சில் நாட்டுக்கு ரயில் வந்ததே 1979-ல்தான். அதுவரை இந்தச் சொற்களை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்தது பஸ்தான்.

தமிழ்நாட்டின் பல ஊர்களில் ‘ஜங்ஷன்’ என்றால் ரயில் நிலையம் நினைவுக்கு வரும். நாகர்கோவில்காரர்களுக்கோ அது நான்கு ரோடு கூடும் இடம். வேப்பமூடு ஜங்ஷன், செட்டிகுளம் ஜங்ஷன் என்று கேட்டு, அங்கே தண்டவாளத்தைத் தேடக் கூடாது!

இந்த மண்ணின் பேருந்து வரலாறும் சுவையானது. 1956 நவம்பர் 1-ல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்தோடு இணைந்தன. மன்னராட்சிக் காலத்தில் இது திருவிதாங்கூர் சமஸ்தானம். அங்கே அரசுப் பேருந்து சேவை 1938 பிப்ரவரி 20-ல் தொடங்கியது. அதை நடத்த அழைத்துவரப்பட்டவர், லண்டன் போக்குவரத்து வாரியத்தில் வேலை பார்த்த சால்ட்டர் என்ற ஆங்கிலேயர்.

அந்தக் காலத்து வாசனையை இன்றும் களியக்காவிளையில் பார்க்கலாம். எல்லை ஊரான இங்கே இரண்டு மாநில வண்டிகளும் வந்து நிற்கின்றன. தமிழ்நாட்டு கண்டக்டரின் வாயில் விசில். கேரள வண்டியிலோ கூரையை ஒட்டி ஒரு கயிறு. இழுத்தால் டிரைவர் பக்கம் மணி அடிக்கும். ஒற்றை மணி என்றால் நிறுத்து. இரட்டை மணி என்றால் கிளம்பு. கண்டக்டர்கள் இருந்த காலத்து லண்டன் பஸ்ஸிலும் இதே கணக்குதான். விசிலுக்கும் அதே கணக்கு: ஒன்று நிற்க, இரண்டு போக.

சத்தம் எடுபடாத இடத்தில் கை பேசும். பின்பக்கப் படியிலிருந்து கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழ்நோக்கி அசைத்தால் ‘நிதானம்’. விரல்களை முன்னால் சுண்டினால் ‘போகலாம்’. வண்டி பின்னால் வரும்போது பக்கவாட்டுத் தகரத்தைத் தட்டிக்கொண்டே, “வரட்டும், வரட்டும்...” என்பார்கள். சுவர் நெருங்கியதும் ஓங்கி ஒரு தட்டு, “ஹோல்டான்!” அங்கே தமிழில் சொல்ல ஆரம்பித்து முடிப்பதற்குள் இடித்துவிடும் என்பதுபோல, கடைசிச் சொல் எப்போதும் ஆங்கிலம்தான்.

கேட்க வேடிக்கையாக இருந்தாலும், இந்தச் சொற்களில் உயிர் ஊசலாடுகிறது. டிரைவரால் பின்பக்கப் படியை முழுதாகப் பார்க்க முடியாது. கோட்டாறு, இடலாக்குடி, சுசீந்திரம், வழுக்கம்பாறை, கொட்டாரம் என்று சுமார் 20 கிலோமீட்டர் பாதையில் எத்தனையோ பேர் ஏறி இறங்குகிறார்கள். தோவாளைச் சந்தையிலிருந்து வரும் பூக்கூடை, கடற்கரை ஊர்களிலிருந்து வரும் மீன்கூடை, கைக்குழந்தை, ஊன்றுகோல் எல்லாம் அந்தப் படியில்தான் இறங்கியாக வேண்டும். 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால், வேலைக்கும் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் இந்த வண்டிகளையே நம்பியிருக்கும் பெண்கள் அநேகம். ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலும் இருக்கும்போது ‘ரைட்’ ஒரு நொடி முந்திவிட்டால், இடுப்பெலும்பு முறிந்துவிடும். ‘ஹோல்டான்’ ஒரு நொடி பிந்தினாலும் அதே கதிதான்.

புதிதாக வரும் பேருந்துகள் பலவற்றில் தானியங்கிக் கதவுகள் வந்துவிட்டன. கதவு மூடாமல் வண்டி நகரக் கூடாது என்பது நல்ல ஏற்பாடு. படியில் தொங்கி உயிரை விடும் பிள்ளைகளுக்கு அது பெரிய காவல். ஆனாலும், தூரத்தில் ஓடிவரும் பாட்டியைக் கதவு பார்க்காது. அவருக்காக யாராவது சொல்லத்தான் வேண்டும்.

அந்த ‘யாராவது’ கண்டக்டராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நாகர்கோவில் வண்டிகளில் ஆள் இறங்கி முடிக்கும் முன் விசில் ஊதப்பட்டால், உட்கார்ந்திருப்பவர்களே சேர்ந்து குரல் கொடுப்பார்கள். “ஹோல்டான்... ஹோல்டான்... ஆளு எறங்குது மக்களே!”

இலக்கணம் எப்படியோ போகட்டும். வண்டி நின்றுவிடுகிறது.