லாரிக்கும் யூரியா வேணும்! - லால்குடி சாலையில் ஒரு வலம்

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் ஏறினால் காவிரி, திருவானைக்காவல், கொள்ளிடம் எல்லாம் தாண்டி நம்பர் 1 டோல்கேட். அங்கே வலப்பக்கம் திரும்பும் பேருந்து, வாளாடி, மாந்துறை வழியாக லால்குடியில் இறக்கிவிடும். சத்திரத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். பெருவளை வாய்க்காலும் அய்யன் வாய்க்காலும் தண்ணீர் கொடுக்கும் பூமி. கண்ணுக்கெட்டிய வரை நெல்லும் வாழையும்தான்.

கோயிலுக்கு வருபவர்கள் சப்தரிஷீஸ்வரரைத் தரிசித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். சங்கீதப் பிரியர்களுக்கு இது வயலின் மேதை ஜெயராமனின் ஊர். இந்தச் சாலையில் எது ஓடுகிறது, எது மக்கர் செய்து நிற்கிறது என்று பார்த்தால் இன்னொரு லால்குடி தெரியும்.

முதலில் கண்ணில் படுவது எக்ஸ்எல். முன்னால் புல்லுக்கட்டு, பின்னால் நெல் மூட்டை, நடுவில் எப்படியோ ஒரு மனிதர். 1980-ல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50-ன் வாரிசு இது. மாட்டு வண்டி செய்த பாதி வேலையை இதுதான் செய்கிறது. பழைய எக்ஸ்எல் டூ ஸ்ட்ரோக். பெட்ரோலோடு ஆயிலும் கலந்து எரியும். எரியாத கொஞ்சம் புகையோடு வெளியே போகும். அதன் கோளாறுகள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் அத்துப்படி. ஸ்டார்ட் ஆகவில்லையா, பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய். இழுக்கவில்லையா, சைலன்சரில் கரி அடைத்திருக்கும், சுத்தம் பண்ணு. கார்புரேட்டரில் தூசியா, ஜெட்டை வாயால் ஊது. மெக்கானிக்குக்கு வேண்டியதெல்லாம் நாலு ஸ்பேனரும் நல்ல காதும்தான். வயலின் ஊரில் காதுக்கா பஞ்சம்!

2015-ல் ஃபோர் ஸ்ட்ரோக் எக்ஸ்எல் 100 வந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ்-6 புகை விதி வந்ததும் கார்புரேட்டரும் போனது. பெட்ரோலை எவ்வளவு, எப்போது பீய்ச்சுவது என்று ஒரு சின்ன கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. புகை குறைந்தது, மைலேஜ் கூடியது. ஆனால், ஊதிச் சரிசெய்ய அங்கே ஜெட் இல்லை. சாவியைத் திருப்பியதும் மீட்டரில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிய வேண்டும். வண்டி ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. எங்கே கோளாறு என்று சொல்ல ஸ்கேனர் கருவி வேண்டும். அதை வாங்கிப் பழகிய மெக்கானிக் தாக்குப்பிடிக்கிறார். முடியாதவருக்குப் பழைய வண்டிகள் இருக்கும்வரைதான் தொழில். நெல் மூட்டையோடு வண்டி நின்றுபோன விவசாயிக்கோ, டவுன் சர்வீஸ் சென்டருக்குப் போய்வருவதிலேயே ஒரு நாள் போய்விடும்.

வயல் சூழ்ந்த ஊரில் இன்னொரு எதிரி, எலி. நாலைந்து நாள் எடுக்காமல் நிறுத்திய காரின் பானெட்டுக்குள் வைக்கோலைச் சேர்த்துக் கூடு கட்டும், ஒயரைக் கடிக்கும். பழைய வண்டியில் நாலு ஒயர், கண்ணால் பார்த்தே முறுக்கிவிடலாம். இன்றைய காரில் சென்சாருக்கு ஒன்று என்று கொத்துக் கொத்தாக ஒயர். ஒன்று அறுந்தாலும் வண்டி முரண்டு பிடிக்கும். புகையிலையை உள்ளே வைப்பவர்கள் உண்டு. அதைவிட, தினம் ஒருமுறை பானெட்டைத் திறந்து பார்ப்பது மேல்.

லால்குடியைத் தாண்டினால் கல்லக்குடி, டால்மியாபுரம். சிமென்ட் லாரிகளின் பாதை. இவற்றில்தான் அந்த வேடிக்கை. பிஎஸ்-6 லாரிகள் பலவற்றில் டீசல் டேங்க்குக்குப் பக்கத்தில் நீல மூடி போட்ட ஒரு குட்டி டேங்க் இருக்கும். அதில் ஊற்றுவது யூரியா கரைசல், 32.5 சதவிகிதம் சுத்தமான யூரியா, மீதி தாது நீக்கிய தண்ணீர். சூடான புகையில் இதைத் தெளித்தால், நச்சான நைட்ரஜன் ஆக்ஸைடு சாதாரண நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாறிவிடும். கரைசல் தீர்ந்தால் முதலில் எச்சரிக்கை விளக்கு. அதையும் கண்டுகொள்ளாவிட்டால் இன்ஜின் தானே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். லோடு ஏற்றிய லாரி அப்புறம் ஊரத்தான் வேண்டும்.

'யூரியாதானே, வயலுக்குப் போடுவதையே கரைத்து ஊற்றினால் என்ன?' என்று தோன்றும். அங்கேதான் செலவு காத்திருக்கிறது. உர யூரியாவில் வேப்ப எண்ணெய் பூசியிருக்கிறார்கள். அந்த எண்ணெயும் மற்ற கசடும் தெளிப்பானை அடைத்து, விலை உயர்ந்த கேட்டலிஸ்ட்டைக் கெடுத்துவிடும். போதாக்குறைக்கு, மானிய உரத்தை வேறு வேலைக்குத் திருப்புவது சட்டப்படி குற்றம். நடவு முடிந்து உரம் கிடைக்காமல் கடை கடையாக அலைந்தவருக்கு, இந்தக் குற்றத்தின் கனம் சொல்லாமலே புரியும்.

அறுவடைக் காலத்தில் இந்தப் பக்கம் காரில் வருகிறவர்கள் கவனிக்க வேண்டியது சாலையைத்தான். அரசு கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவிகிதத்துக்குள் இருக்க வேண்டும். உலர்த்தக் களம் இல்லையென்றால் தார்ச்சாலைதான் களம். பாதிச் சாலையில் நெல் விரிந்திருக்கும். பைக் டயருக்கு அது கோலிக்குண்டு மாதிரி, பிரேக் பிடித்தால் வழுக்கும். அவரைக் குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் ஊருக்கு ஒரு களம் கட்டித் தராமல் அந்தப் பேச்சு எடுபடாது.

நெல்லைவிட ஆபத்து, வைக்கோலும் உளுந்துச் செடியும். வண்டிகள் ஏறி மிதிக்கட்டும் என்று பரப்பியிருப்பதன் மேல் கார் போகும்போது, அடியில் அச்சைச் சுற்றிக்கொள்ளும். சைலன்சர் அந்தக் காலத்திலும் சுட்டதுதான். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரோ 400 டிகிரிக்கு மேல் கொதிக்கும். சில டீசல் கார்களில் வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிக்க, ஓடும்போதே 600 டிகிரி வரை சூடேற்றிக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. காய்ந்த வைக்கோல் பற்றிக்கொள்ள இதில் பாதியே போதும்.

ஒதுங்க வழியிருந்தால் ஒதுங்கிப் போக வேண்டும். அதன் மேல் நிறுத்தவே கூடாது. கருகல் வாடை வந்தால், வெறும் தார் தெரியும் இடத்துக்கு வந்து இன்ஜினை அணைத்து, முதலில் பிள்ளைகளையும் பெரியவர்களையும் இறக்கித் தூரமாக நிற்க வைக்க வேண்டும். பானெட் இடுக்கில் புகை வந்தால் அதைத் திறக்கக் கூடாது. காற்றுப் புகுந்தால் தீ எகிறும். எண் 101 அல்லது 112. அடியில் சிக்கிய வைக்கோலை, வண்டி நன்றாக ஆறிய பிறகு குச்சியால் இழுத்துப் போடலாம்.